மெர்சியின் பூட்டு

படித்தவர்கள்மேல் எனக்குப் பொறாமை எதுவும் கிடையாது, சார். என் மருமகன் பி.காம். படித்தவன். வீட்டில் ஃபியூஸ் போனால் தாம்பரத்திலிருந்து எனக்குத்தான் போன் செய்வான்.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் எங்கள் கம்பெனியில் பதினேழு வருஷமாக எலக்ட்ரீஷியன் நான். பெயர் கொம்பையா. தென்காசிப் பக்கம் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்ட தொழில்; சர்டிஃபிகேட் கிடையாது. மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன்.

மெர்சி, சீட் தைக்கும் லைனிலிருந்து எங்கள் பிரிவுக்கு ஹெல்ப்பராக வந்தவள். படப்பைக்காரி. ஷிஃப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து தண்டலம் பாலிடெக்னிக்குக்கு ஓடுவாள். பகுதிநேர டிப்ளமா, நான்கு வருஷம். கேன்டீன் வரிசையில்கூட நோட்டைத் திறந்துவைத்து உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பாள். கரண்ட்டை மனப்பாடம் செய்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாவம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மோட்டாரில் கை வைத்தால், இன்னொருவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பார். அவ்வளவுதான். பதினேழு வருஷமாக நின்றிருக்கிறேன். ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது.

படிக்கப் போன இரண்டாம் வருஷம், மெர்சி ஒரு சிவப்புப் பூட்டு வாங்கி வந்தாள். அவள் பெயரும் போட்டோவும் ஒட்டியது. நான் அணைத்த சுவிட்சில் அதை மாட்டிப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? இங்கனதான நிக்கேன்," என்றேன்.

"உங்கள சொல்லலண்ணே. புக்குல அப்டித்தான் கீது."

"அப்ப அந்த புக்கையே காவலுக்கு நிப்பாட்டிக்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பூட்டை மட்டும் எடுக்கவில்லை.

போன மாதம் அவள் பாஸாகிவிட்டாள். சர்டிஃபிகேட் உள்ளவர்தான் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக முடியும் என்றார் மேனேஜர் நம்பிராஜன். ஒன்றாம் தேதியிலிருந்து லீவு வேண்டுமென்றால் நான் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவளே வந்து லட்டு கொடுத்தாள்.

"இன்சார்ஜ்லாம் போர்டுலதாண்ணே. எனக்கு நீங்கதான் பெரியவரு."

லட்டு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெருந்தன்மைதான் தொண்டையில் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாது. கன்வேயர் மோட்டாரில் ஒயர் மாற்ற நாங்கள் இருவர் மட்டும் போனோம். நான் சுவிட்சை அணைத்தேன். அவள் பூட்டுப் போடவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வருஷம் படித்துச் சர்டிஃபிகேட் வாங்கியவள், தன் புத்தகம் சொல்கிற பூட்டைப் போடாமல் ஒயரில் கை வைத்தாள். அந்தப் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான் என்று காட்டத்தான் சுவிட்சைப் போட்டேன். லேசாக ஷாக் அடித்தால் பயந்துபோய், இன்சார்ஜ் வேலையே வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். விபத்து என்று கம்பெனியும் எழுதிவிட்டது.

நீங்கள் பரீட்சை எழுதி வேலைக்கு வந்த இன்ஸ்பெக்டர், அதனால் டெஸ்டரைப் பற்றிக் கேட்கிறீர்கள். வைத்துப் பார்த்தாள், சார். மூன்று ஒயரிலும் பார்த்தாள்.

"சப்ளை இல்லண்ணே," என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"சரிம்மா," என்றேன்.

டெஸ்டரைப் பையில் செருகினாள். திருகாணி சின்னது, ரப்பர் கையுறையோடு பிடிக்க வராது. கையுறையைக் கழற்றுகிற வரைக்கும் பொறுத்திருந்தேன்.

அவள் பூட்டு என் சட்டைப் பையில் எப்படி வந்தது என்றும் கேட்டீர்கள். நான் எடுக்கவில்லை. மோட்டாருக்குப் போகும் முன் அவளே என் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு இது வோணாண்ணே. நீங்க நிக்கிறீங்கல்ல."

நான்கு வருஷம் படித்தவள், சார். நான் நிற்கிறேன் என்று நம்பிப் போய்விட்டாள்.