ஏரியல் நல்லாத்தான் இருக்கு

பிளேன்டீயில் இஞ்சி போட்டுத் தந்தீர்கள், சந்தோசம் ஐயா. இந்தக் குளிருக்கு அதுதான் சரி.

மண் சரிந்த அன்று யோகேஸ்வரன் ரேடியோவில் கூப்பிடவே இல்லை என்று சனம் அவனை ஏசுகிறது. அவன் மேல் பிழை இல்லை. அவன் கூப்பிட்டிருப்பான்.

ஏரியல் சோதிக்கிற கைக்கருவி முதலில் அட்டனில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ரேடியோப் பைத்தியம் பிடித்தவன் எவனும் என் கடைக்கு, அழகுமுத்து கடைக்குத்தான் வருவான். பிறகு யோகேஸ்வரன் மலிவான ஒன்றைத் தபாலில் எடுத்தான். உள்ளங்கையளவுதான், ஆனால் என்னுடையதைவிட நன்றாக வேலை செய்தது. எல்லாரும் அவனிடம் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

மழைக்காலத்துக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். மலையில் வெடிப்பு கண்டால் தேயிலைத் தோட்டத்து மேல் லய வீடுகளிலிருந்து அவன் ரேடியோவில் சொல்வான். நான் ரோட்டோரக் கோயிலில் இருந்து கேட்டு மணியடிப்பேன், கீழ் லயத்துச் சனம் வெளியேறும். அவன் அக்கா நிஷாந்தியும் பிள்ளைகளும் கீழ் லயத்தில்தான்.

மழைக்கு முன் ஏரியலையும் கருவியையும் அவனே கடைக்குக் கொண்டுவந்தான்.

"அண்ணே, என்ன இருந்தாலும் நீங்களும் ஒருக்கா பாத்துருங்க."

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஏரியல் கேபிளைப் பழுதாக்கினேன். அந்தக் கருவிக்கு முதலில் அதனோடு வந்த ஒரு சிறு முனையை மாட்டி, இதுதான் சரியான அளவு என்று பழக்க வேண்டும். அந்த முனைக்குப் பதிலாகப் பழுதான ஏரியலையே மாட்டிப் பழக்கிவிட்டேன். பிறகு அது பழுதையே சரி என்று காட்டும். அவனும் பார்த்தான், திருப்தியாகச் சிரித்தான்.

"ஏரியல் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றேன்.

ஒருநாள் அவன் குரல் வராமல் போக வேண்டும், சனம் என்னிடம் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

அன்று காலையிலிருந்தே அடைமழை, போனும் செத்துவிட்டது. கீழ் லயத்திலிருந்த என் வீட்டுக்காரியையும் மகளையும் டிக்கோயாவுக்கு பஸ் ஏற்றிவிட்டு, கோயிலில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் நிஷாந்தி நனைந்துகொண்டு வந்தாள்.

"அண்ணே, மேலருந்து தம்பி ஏதும் சொல்லுச்சா? பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கெளம்பவா?"

"ஒண்ணும் வரலம்மா. பயப்படாம போய் சோறாக்கு."

ஏரியல் பழுது, அவன் கூப்பிட்டாலும் கேட்காது என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே. ரேடியோவில் ஒன்றும் வரவில்லை என்பதும் பொய்யில்லையே ஐயா.

வெடிப்பைக் கண்டதும் மேலே அவன் கருவியைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறான். செய்தி போய்விட்டது என்று நம்பி, மேல் லயத்துச் சனத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் மண் இறங்கிக் கீழ் லயத்தை மூடியது. நிஷாந்தியை அடுப்படியில்தான் எடுத்தார்கள்.

கேபிளைக் கெடுத்தது நான். கருவியைப் பொய்க்குப் பழக்கியதும், மணியடிக்காமல் இருந்ததும் நான்தான். ஆனால் அந்தச் சனத்துக்கு நான் கெடுதல் நினைத்தவனில்லை. சாவுக்கு மைக் செட் கட்டியதற்கு ஒரு சதம்கூட வாங்கவில்லை. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.