சத்தம் வந்த பக்கம்

— அந்தக் கட்டைக் கீழ வை. நல்லா நிமிந்து பாரு. நீ நாரணாபுரம் பாண்டிராஜ்தான? பி.காம்?

— ஆள் மாறிப் பேசுறீக மொதலாளி. நான் காலண்டர் லோடு ஏத்த வந்தவன்.

— எங்கப்பாதான் மொதலாளி. நான் ஹரிபிரசாத் பாஸ், கிளாஸ் ரெப்பு! கொரோனா வருசம் ஆன்லைன்ல ஒண்ணாப் படிச்சோமே. சின்னக் கட்டத்துக்குள்ள பாதி நெத்தியும் ஒரு புளியமரமுமாத் தெரிவ. அந்த நெத்தித் தழும்ப வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.

— ஓ, ஹரியா. நேர்ல இம்புட்டு உசரமா இருக்கீக. கட்டத்துக்குள்ள எல்லாரும் ஒரே உசரந்தான்.

— ஒரே கிளாஸுப் பய, அதென்ன ‘இருக்கீக’? வா போன்னே பேசு.

— கிளாஸு அப்ப. இப்பக் கூலி குடுக்கிறது ஒங்கப்பா. அம்புட்டுத்தான்.

— சரி, ஒக்காரு. கரண்டு வந்து மிசின் ஓடுனாத்தான் மிச்சக் கட்டு தேறும். சீசன் நேரத்துல இந்தப் பிரஸ்ஸு இப்படி அமைதியாக் கெடந்து நீ பாத்திருக்கவே மாட்ட.

— இங்கன எனக்கு இதுதான் மொத லோடு. சத்தமாக் கெடந்தும் நான் பாத்ததில்ல.

— ஏன் பாஸ் பாதில விட்ட? அக்கவுண்ட்ஸ் கணக்குக்கு மொத ஆளா நீதான் விடை போடுவ. வாயே தெறக்க மாட்ட, எல்லாத்தையும் டைப்புதான் அடிப்ப. குரூப்ல ஒனக்கு ‘ஊமைராஜ்’னே பேரு.

— தெரியும். அந்தக் குரூப்ல நானும்தான இருந்தேன்.

— சும்மா கேலிக்கு...

— கேலிதான். அம்புட்டுத்தான்.

— எங்கன ஒக்காந்து கேப்ப?

— எங்கம்மாவும் நானும் ஒரே பட்டாசுக் கம்பெனி. விடியக்காலம் வேன்ல போவோம். உள்ள போனு கொண்டுபோகக் கூடாது. கிளாஸு நேரம் மட்டும் போர்மேன் வெளிய விடுவாரு, விட்ட வேலையச் சாயங்காலம் இருந்து முடிக்கணும். கேட்டுக்கு வெளிய புளியமரத்தடிலதான் சிக்னல் நிக்கும். கையில ஒட்டுன வெடிமருந்தக் கழுவிட்டு ஓடியாறதுக்குள்ள அட்டெண்டன்ஸு பாதி போயிரும்.

— இம்புட்டுக் கஷ்டப்பட்டுட்டு ஏன் விட்ட?

— நான் எங்க விட்டேன்? தள்ளுனாக.

— ஆமா... லேசா ஞாபகம் இருக்கு. ஏதோ சத்தம் வந்துச்சு.

— லேசாவா? டடக்கு டடக்குன்னு காது கிழிஞ்சுச்சு. ‘மிசினுக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கது யாருப்பா’ன்னு சார் கத்துறாரு. ‘பாண்டிராஜ் பக்கம் சார், அவன் கம்பெனில ஒக்காந்துதான் கிளாஸு கேப்பான்’னு ஒருத்தன் சொல்லுதான்.

— யாரோ சொன்னாங்க. ஆமா.

— பட்டாசுக் கம்பெனில மிசினு ஏது? எல்லாம் கை வேலை. எங்க பக்கம் சத்தம் கேட்டா அங்க கிளாஸு நடக்காது, எழவுதான் நடக்கும்.

— சாரு வெளியூர்க்காரரு பாஸ். அவருக்கு என்ன தெரியும்.

— சொன்னவன் இந்த ஊர்க்காரன். பேச்சுலயே தெரிஞ்சுச்சு. அவனுக்குத் தெரியும்ல?

— பழச விடு.

— ‘நான் இல்ல சார்’னு அடிக்கேன். கழுவியும் விரலெல்லாம் மருந்து, எழுத்து அமுங்கல. அடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெளிய கெடக்கேன். என்னையத் தள்ளுன ஒடனே சத்தம் நின்னுபோச்சாம். பாத்தியா, அவன்தான்னு முடிவு கட்டிட்டாரு. ஒரு வாரம் வரக்கூடாதுன்னாரு, அந்த வாரந்தான் இன்டர்னல் பரிச்சை. மரத்தடில நின்னு உள்ள விடுங்கன்னு அந்தப் பட்டன அமுக்கிக்கிட்டே இருந்தேன். யாரும் விடல. பரிச்சை போச்சு, அதோட படிப்பும் போச்சு.

— சார்ட்டப் போயி நேர்ல சொல்லியிருக்கலாம்ல?

— மூடிக் கெடந்த காலேஜுல யார்ட்டப் போயிச் சொல்ல? ‘ஏம்லே இப்ப மரத்தடிக்குப் போகல’ன்னு எங்கம்மா கேட்டா. கிளாஸு முடிஞ்சுபோச்சும்மான்னேன், நம்பிட்டா. பிள்ள படிச்சு முடிச்சும் வேலை கெடைக்காம லோடு ஏத்துதான்னு இன்னைக்கும் வேன்ல ஒவ்வொருத்தியா சொல்லிக்கிட்டு வாரா.

— அதுக்குத்தான் சொல்லுதேன் பாஸ். விட்டவுக விட்ட எடத்துலருந்து மறுபடி சேரலாம்னு நம்ம காலேஜுல அறிவிச்சிருக்காக. பாதி ஆன்லைனு, சனி ஞாயிறு நேர்ல. வெள்ளிக்கிழமையோட முடியுது. நீ சரின்னு மட்டும் சொல்லு, ஃபீஸு, போனு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.

— ஒங்களுக்கு என்ன அம்புட்டு அக்கறை?

— கிளாஸ் ரெப்புல்ல.

— கிளாஸு முடிஞ்சு வருசமாச்சே.

— எனக்கு முடியல. அப்படி வச்சுக்கோ. சேருதியா?

— சேந்தா எங்கம்மாட்டச் சொன்ன பொய்யி பாதியாச்சும் மெய்யாகும்... சரி. சேருதேன்.

— கையக் குடு பாஸ்!

— சின்ன மொதலாளி! கரண்டு வந்துருச்சு. மிசின ஓட்டவா?

— கண்ணுச்சாமி அண்ணே, கொஞ்சம் பொறுங்க!

— பொறுக்கவா? ஆர்டரு தலைக்கு மேல கெடக்கு, ஒங்கப்பா என்னையத்தான் வைவாரு. இந்தா ஓட்டிட்டேன்!

— அண்ணே, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்கன்னு சொல்லுதேன்ல!

— ஓடட்டும்.

— பாண்டி, நாம வெளிய போயிப் பேசுவோம் வா.

— ஓடட்டும்ங்கேன். டடக்கு, டடக்கு. நடுவுல மூச்சு இழுக்குது பாரு, உஸ்ஸுன்னு. அன்னைக்கும் இப்படித்தான் இழுத்துச்சு. ஒங்க வீடு எங்கன?

— மாடில. பிரஸ்ஸுக்கு மேல.

— கிளாஸு கேட்டது?

— அங்கனதான்.

— ‘பாண்டிராஜ் பக்கம் சார்’னு சொன்னது?

— அண்ணே, மொதல்ல அந்த மிசின நிப்பாட்டுங்க!

— ஹரி. ஒன்னையத்தான் கேக்கேன்.

— நாந்தான். எல்லாப் பயலையும் மைக்க மூடு, மைக்க மூடுன்னு வையிறது நானு. அன்னைக்கு நானே மூட மறந்துட்டேன். ரெப்பே இப்படியான்னு சிரிப்பாகன்னு வாயில வந்த பேரச் சொல்லிட்டேன். ஒன்னையத் தள்ளுன ஒடனே மைக்க மூடிட்டேன். பேசாம இருந்துட்டேன்.

— ம்.

— ஆனா நீயும்தான பேசல! சார் மூணு தடவ கேட்டாருல்ல, ‘பாண்டிராஜ், ஒன் பக்கமா, வாயத் தெறந்து சொல்லு’ன்னு? ‘நான் இல்ல’ன்னு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா, சத்தியமா நான் ஒத்துக்கிட்டிருப்பேன் பாஸ். ஏன் பேசல? அம்புட்டு நேரம் வச்சுக்கிட்டு ஏன்லே ஒரு வார்த்த பேசல?

— அது யாரோ வித்த பழைய போனு ஹரி. வாங்கும்போதே அதுல மைக்கு செத்துக் கெடந்துச்சு. அந்த வருசம் பூரா என் பக்கத்துலருந்து ஒங்களுக்கு ஒரு சத்தமும் வந்ததே இல்ல.