போர்வையின் மறுமுனை

இந்த அடுக்ககத்தின் அச்சாணியாக அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! தண்ணீர் வராத நாளில் திட்டு வாங்கி, வந்த நாளில் நன்றிகூட வாங்காத செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முழங்காலை நீவிக்கொண்டிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! கண்ணைக் கைப்பேசிக்கும் காதில் பாதியை எனக்கும் பங்கிட்டிருக்கும் இளையோரே! 'நல்லிணக்க நாயகி' என்னும் கேடயத்தை இன்று பெறவிருக்கும் என் கொழுந்தனாரின் மனைவியே, என் அருமை ஓரகத்தியே! அனைவருக்கும் என் வணக்கம்.

"ஒரே குடும்பம், நீங்க வாழ்த்திப் பேசினாத்தான் பொருத்தமா இருக்கும்" என்றார் தலைவர். பொருத்தம் பார்த்தவர் என் வருத்தம் பார்க்கவில்லை! வாழ்த்துவதற்கு முன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. ஒப்புக்குப் படும் பொறாமை அல்ல, உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை ஊறிய பொறாமை. அந்தக் கேடயத்தைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரிகிறது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். புகை வருவது என் காதில்தானே, உங்கள் காதிலா?

அன்பர்களே, ஓராண்டுக்கு முன் நம் மொட்டை மாடி எப்படி இருந்தது? கொடிகள் நான்கு, குடும்பங்கள் நாற்பது. என் புடவையை யார் ஓரம் தள்ளியது, உன் சட்டையை யார் தரையில் போட்டது என்று காலைதோறும் ஒரு வழக்கு. கிளிப் காணாமல் போகும். தேடிப் போனால் எதிர்வீட்டுப் பாவாடையில் பல் இளிக்கும். அந்தச் சண்டைக்கு நடுவேதான் யார் மகளுக்கு வேலை கிடைத்தது, யார் கணவருக்குச் சர்க்கரை ஏறியது என்பதெல்லாம் தெரியவரும். அத்தனை செய்தியையும் வாங்கி வீடு வீடாக வழங்கியவர் யார்? நீங்கள் அவருக்கு வைத்த பெயர் என்ன? பின்வரிசையில் முணுமுணுப்பது யார்? உரக்கச் சொல்லுங்கள்! ஆமாம், ரேடியோ அக்கா. அடியேன்தான்!

அப்போது வந்தது என் ஓரகத்தியின் கைப்பேசிக் குழு. வீட்டுக்கு ஒரு நேரம், நேரத்துக்கு ஒரு வீடு. உன் நேரம் வந்ததா, ஏறு. முடிந்ததா, இறங்கு. சண்டை நின்றது. கிளிப் திருட்டு நின்றது. கூடவே பேச்சும் நின்றது. இப்போது நான் மேலே போனால் கொடி இருக்கிறது, வானம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வம்புக்கு இழுக்க ஒரு ஜீவன் இல்லை!

ஒருநாள் வேண்டுமென்றே என் நேரம் தாண்டியும் நின்றேன். படியில் காலடி கேட்டது. முகம் மலர்ந்து திரும்பினேன். கதவிடுக்கில் நம் பல் டாக்டர் அம்மாவின் தலை. "ஐயோ, சாரிக்கா, நீங்க முடிங்க" என்று, குளியலறைக் கதவைத் தவறித் திறந்தவர்போல் ஓடியே போனார். இருக்கிறீர்களா டாக்டர்? தலையைக் குனியாதீர்கள். அடுத்த நிமிடமே குழுவில் செய்தி: 'மேலே ஆள் இருக்கு. அப்புறம் போறேன்.' அதற்கு எத்தனை பேர் கட்டைவிரல் உயர்த்தினீர்கள்! ரேடியோ அக்கா வெறும் 'ஆள்' ஆகிப்போனாள்!

சரி, குழுவிலாவது பேசிப் பார்ப்போம் என்று நானும் எழுதினேன்: 'எல்லாரும் எப்படி இருக்கீங்க? பார்த்தே ரொம்ப நாளாச்சு.' பதில் எழுதியது குழுத் தலைவியான இதே ஓரகத்தி. 'அக்கா, இது துணி காயப்போடும் குழு. வேறு செய்திகளைத் தவிர்க்கவும்.' கூடவே ஒரு கைகூப்பும் படம். எங்கிருந்து எழுதினாள்? என் தலைக்கு மேலிருந்து! அவள் குடியிருப்பது என் வீட்டுக் கூரைக்கு மேல். அவள் நாற்காலியை இழுத்தால் என் கூடத்து விளக்கு ஆடும். அன்று அவள் எழுதி முடித்துவிட்டு எழுந்து நடந்த காலடி என் காதில் விழுந்தது. ஒரு மாடி இறங்கி வந்து, "சும்மா இருங்கக்கா" என்று என்னை நேரில் அதட்டியிருக்கக் கூடாதா?

அவள் 'காலை வணக்கம்' என்று போட்டால் நாற்பது வீட்டிலிருந்தும் இதயம் பறக்கிறது. அதையே நான் நேரில் சொன்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது. மேல்மாடித் தையற்காரம்மா துணி வெட்டும் மேசையில் மொட்டை மாடி ஈரத்துணியின் தண்ணீர் சொட்டியபோது ஒரு வாரம் விசாரணை நடத்தினீர்களே, அதிலும் அவள் வாக்குதான் வேதவாக்கு. 'யாராக இருந்தாலும் பிழிந்து போடவும்.' அதற்கும் இதயம்!

என்ன தம்பி? சொட்டியது என் வீட்டுத் துணியா என்கிறாயா? அங்கேதான் வருகிறேன்.

சபையோரே, எங்கள் இரு வீட்டிலும் இரட்டைக் கட்டிலுக்கான கனத்த போர்வை உண்டு. துவைக்கும் இயந்திரத்துக்குள் அது அடங்காது. கையால்தான் துவைக்க வேண்டும், மாடியில்தான் பிழிய வேண்டும். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நான் பிடிப்பேன். எங்கள் இருவருக்கும் எதில் ஒத்துப்போனது? மாமியார் யார் வீட்டில் இருப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை. யார் பிள்ளை முதலில் யாரை அடித்தது என்பதில் ஒத்துப்போகவில்லை. அவள் வலப்பக்கம் முறுக்க, நான் இடப்பக்கம் முறுக்க, பேச்சு ஏற ஏறப் பிடி இறுக, கடைசிச் சொட்டுத் தண்ணீரும் இறங்கிவிடும். பிறகு சிரித்துக்கொண்டே உதறிக் காயப்போடுவோம்.

இப்போது அவள் நேரம் வேறு, என் நேரம் வேறு. நான் ஒரு முனையைத் தொட்டிக் குழாயில் கட்டிவிட்டு முறுக்குகிறேன். குழாய் என்னோடு சண்டைக்கு வருமா? "போங்கக்கா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லுமா?

ஓராண்டாக அவள்மீதுதான் பொறாமை என்று நினைத்திருந்தேன். இல்லை! என் பொறாமையெல்லாம் உங்கள்மீது! என்னோடு மட்டும் சண்டை போட்டவள் இன்று உங்கள் நாற்பது வீட்டோடும் சமாதானம் பேசுகிறாள். பகலெல்லாம் உங்களுக்குப் பதில் எழுதுகிறாள். எனக்கு உரிய கோபத்தைக்கூட உங்களுக்குப் புன்னகையாகப் பங்கிட்டுவிட்டாள்! இணையம் வேண்டாம் என்று சொல்லவா வந்தேன்? நாற்பது வீட்டை ஒரு கையகலக் கண்ணாடிக்குள் கூட்டிய திறமையை வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் கேட்கிறேன், கூட்டிய அந்தக் கூட்டத்தில் போர்வையின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வந்தாரா? ஒரே ஒருவர் வந்தாரா?

வாம்மா, வா. கேடயத்தை வாங்கிக்கொள். கனமாக இருக்கிறது. ஒரு பக்கம் நான் பிடித்திருக்கிறேன், மறுபக்கம் நீ பிடி.

என்ன முணுமுணுக்கிறாய்? என் காதில் சொல்லாதே, ஒலிபெருக்கியில் சொல்.

கேட்டீர்களா? "அக்கா, சொட்டினது என் போர்வைதான். தனியாப் பிழிய முடியல. குழுவில அப்படி எழுதிட்டு, எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்களைக் கூப்பிடறது?" என்கிறாள்!

தையற்காரம்மா, விசாரணை முடிந்தது. குற்றவாளி கேடயத்தோடு நிற்கிறாள். என் பொறாமை தீர்ந்ததா என்றால், தீரவில்லை. கேடயம் அவள் வீட்டுக்குத்தானே போகிறது! ஆனால் நாளைக் காலை நாங்கள் இருவரும் இரண்டு போர்வையோடு மாடிக்குப் போகிறோம். அது யாருடைய நேரமோ, எனக்குத் தெரியாது. யாருடையதாக இருந்தாலும், கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதீர்கள். உள்ளே வந்து, "இது எங்க நேரம்" என்று ஒரு சண்டை போட்டுவிட்டுப் போங்கள்.

இவ்வளவு நேரம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் இந்த ரேடியோவின் நன்றி. வணக்கம்!