டிக்கெட் ஒருத்தன், பிளைட்டு ஒருத்தன்

கைய மடக்காதீயக்கா. மடக்குனா மிஷினு கத்தும், பொறவு சிஸ்டரு வந்து நம்மள கத்தும். ஆங், அப்படி நீட்டி வச்சுக்கிடுங்க. டயாலிசிஸுக்கு மொத நாளுல்லா, பயமாத்தான் இருக்கும். நானும் மொத நாளு கண்ணத் தொறக்கவே இல்ல. இப்பம் பாருங்க, ஊசி குத்தும்போதே டீவில என்ன ஓடுதுன்னு பாக்கேன். மான்குர்துல இருந்தா வாரீய? நாங்க தாராவி. எங்க வீட்டுக்காரரு வேல்ராஜு அங்கனதான் பேக் தைக்கிற கார்கானால இருக்காவ. காலைல என்னிய இங்க செம்பூர்ல எறக்கி விட்டுட்டு வேலைக்கு ஓடிருவாவ.

என்ன கேட்டீய? எனக்குக் கிட்னி குடுக்க ஆளு இல்லியான்னா? ஏன் இல்லாம. எங்க அண்ணன் இருக்காம்லா, வானமாமலைன்னு. புருணைல வெல்டரு. வீட்டுக்காரருக்கு சுகரு, அதனால டாக்டரு வேண்டாம்னுட்டாரு. எம் மவ ஹரிதா நான் தாரேன்னு வந்து நின்னா. வாய மூடுட்டி, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போயி புள்ள பெக்க வேண்டியவன்னு நான்தான் வெரட்டி விட்டேன். அண்ணன்கிட்ட நான் கேக்கவே இல்லக்கா, அவனாத்தான் சொன்னான். லீவு போட்டு வந்து ரத்தம், ஸ்கேனுன்னு எல்லா டெஸ்டும் குடுத்தான். அம்புட்டும் பொருத்தமாச் சேந்துட்டு. இதுக்குன்னு ஒரு கமிட்டி உண்டு, போவப்போவ ஒங்களுக்கே தெரியும். அங்க ஒக்கார வச்சு, ஒன்னிய யாரும் கட்டாயப்படுத்துதாவளான்னு கேட்டாவ. எந் தங்கச்சிக்கு நான் குடுக்கேன், இதுல என்ன சார் கட்டாயம்னான். எனக்கு அங்கனயே அழுக முட்டிக்கிட்டு வந்துட்டு. ஆபரேஷனுக்கு நாளும் குறிச்சாவ. வேலைய ஒப்படச்சிட்டு ஓடி வந்துருதேம்மான்னு திரும்பப் போனான்.

வரலக்கா.

எல்லாம் அந்த ஏரோப்ளேன்காரனுவ பண்ணுன வேலை. உங்களுக்கு எப்படிச் சொல்ல? நம்ம ஊருக்குப் போற பஸ்ஸுன்னே வச்சுக்கிடுங்க. ஒரு டிராவல்ஸ்ல சீட்டு எடுக்கோம். ஏறப் போனா வேற டிராவல்ஸு பேரு போட்ட வண்டி நிக்கி. கேட்டா, ரெண்டும் ஒண்ணுதாம்மா, ஏறுங்கங்கான். ஏரோப்ளேன்லயும் இது உண்டாம். கோட்ஷேருன்னு பேரு. டிக்கெட்டு ஒருத்தன் விப்பான், பறக்கிறது இன்னொருத்தன். போற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். ஏதும் ஒண்ணுன்னா, அவன் யாரோ நான் யாரோன்னுருவானுவ.

அண்ணன் புருணைல ஏறி கோலாலம்பூர்ல எறங்கி அங்கருந்து பம்பாய் பிளைட்டப் புடிக்கணும். டிக்கெட்டு பூராவும் ஒரே கம்பெனி பேருதான். ஆனா ரெண்டாவது பிளைட்டு வேற கம்பெனிக்காரனோடது. புருணைல பேய் மழை. மொதப் பிளைட்டு லேட்டாப் போயிச் சேந்துருக்கு, மத்தது கெளம்பிப் போயிட்டு. சரி, அடுத்த பிளைட்டுல ஏத்தி விடுங்கய்யான்னு அண்ணன் கவுண்டருக்குப் போனா, டிக்கெட்டு அவங்க குடுத்தது, அங்க போயிக் கேளுங்கான். அங்க போனா, சீட்டு அவங்க கையிலல்லா இருக்கு, அவங்கள கேளுங்கான். பந்து மாதிரி ஒதைக்கானுவ. அவனுக்கு இங்கிலீசும் வெல்டிங் பட்டறைக்குள்ள பேசுற இங்கிலீசுதான். போன் பண்ணி, ஏம்மா, எனக்கு ஒண்ணும் வெளங்கல, மருமவள விட்டு அங்கேருந்து பேசச் சொல்லுங்கான்.

ஹரிதா போன எடுத்து ஒக்காந்தா. இந்திக்கு ஒண்ண அமுக்கு, இங்கிலீசுக்கு ரெண்ட அமுக்கு. பொறவு பாட்டு. ஒங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்னு ஒருத்தி தேனா பேசுதா, திரும்பவும் பாட்டு. கடைசில ஒருத்தன் எடுத்து டிக்கெட்டு நம்பரக் கேட்டுட்டு, இந்த நம்பரே எங்க கம்ப்யூட்டர்ல இல்லன்னு வச்சுட்டான். எம் புள்ள திரும்ப அடிக்கி. மொதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லுதா. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் சார், எங்க மாமாதான் கிட்னி குடுக்க வாராங்கன்னு சொல்லுதா. அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஒங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், வேற ஏதும் உதவி வேணுமான்னு. மொத ஒதவியச் செய்யிலே, பொறவு வேற ஒதவியப் பாக்கலாம்னு நான் இங்கேருந்து கத்துதேன். எனக்கோ அன்னைக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு.

எல்லாரும் அப்படின்னு சொல்ல மாட்டேன். ராத்திரி ஒரு புள்ள எடுத்தா, சஃப்ரீன்னு பேரு. பறக்குற கம்பெனியோட ஆளு. அவதான் பொறுமையாக் கேட்டு, ஒங்க டிக்கெட்டுக்கு ரெண்டு நம்பரு உண்டு, ஒரு கம்பெனி நம்பரு இன்னொருத்தருக்குத் தெரியாது, இருங்க தேடுதேன்னா. தேடி எடுத்துட்டா! விடியக்காலைல ஒரு பிளைட்டு இருக்கு, சீட்டுப் போட்டாச்சுன்னா. ஹரிதா எங்கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னோம். சரிம்மா, சரின்னான். வேறொண்ணும் பேசல. அலைஞ்சு திரிஞ்ச அலுப்புன்னு நாங்க நெனச்சோம்.

காலைல ஹரிதாவும் அவ அப்பாவும் ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாவ. நான் அண்ணனுக்குப் புடிச்ச சொதிக் கொழம்பு வச்சு எறக்குதேன், போன் வருது.

ஆமா, அதேதான். திரும்பவும் குளறுபடி. சீட்டு இல்லன்னுட்டானுவளாம். அவனுக்கு லீவு வேற குறச்சலு, வேற வழியில்லாம புருணைக்கே திரும்பிட்டான். ஆபரேஷன் நாளு வேற ஆளுக்குப் போயிட்டு. எங்க வீட்டுக்காரரு ஏர்போர்ட்டுல அந்தக் கம்பெனி ஆபீசு வாசல்ல நின்னு சண்ட போட்டுட்டு வந்தாவ. ஒருத்தன் சட்டக் காலரப் புடிச்சுட்டாவளாம், போலீசு வந்து வெலக்கி விட்டுருக்கு. எதுத்துப் பேசத் தெரியாத மனுசன்க்கா அவிய. ஹரிதா இன்னைக்கும் விடாம கம்பெனிக்கு எழுதிக்கிட்டே இருக்கா, கோர்ட்டுக்குப் போவேங்கா. எங்க சால் வீட்டு வரிசைல யாரு வந்தாலும் நானும் அவனுவளத்தான் திட்டுவேன். எங்க மைனி, அதான் அண்ணன் பொண்டாட்டி, ஊருலேருந்து போன் பண்ணுனாலும் அதே பேச்சுத்தான். பாவி மட்டைங்க, ஒம் பொழப்ப இப்படிக் கெடுத்துட்டானுவளேன்னு அவ ஒப்பாரி வைக்கா. நானும் ஆமா ஆமாங்கேன்.

எப்பம் வருவானா? அடுத்து லீவு கெடைக்கணும்லா. மேஸ்திரி முறுக்குதானாம். கெடைக்கும், கெடைக்கும்.

கேஸு போட்டா ஜெயிக்கலாமா? ஒங்க மவன் வக்கீல்கிட்ட வேல பாக்கானா? வேண்டாம்க்கா. அதெல்லாம் வேண்டாம்.

ஏன்னா... கேஸு போட்டா கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரத் தொறந்து காட்டுவாம்லா.

எவன்கிட்டயும் சொல்லலக்கா நான். நீங்க யாரோ எவரோ, அதனால சொல்லுதேன். அன்னைக்கு சொதி எறக்கும்போது வந்த போனு அண்ணன் இல்ல. அந்த சஃப்ரீன் புள்ளதான். ஹரிதா எந் நம்பரையும் குடுத்துருந்தா. மேடம், ஒங்க அண்ணன் ஏறிட்டாரான்னு கம்ப்யூட்டர்ல பாத்தேன், ஏறல, ஏன்னும் எழுதிருக்குன்னா. பேரு சொல்லிக் கூப்புட்டுருக்காவ, அவரு கவுண்டருக்கே வந்து, எனக்குப் பம்பாய் போவ வேண்டாம், என்னிய வந்த எடத்துக்கே அனுப்பிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாராம். சீட்டு இருந்துருக்கு. அந்த சீட்டு காலியாத்தான் வந்து எறங்குச்சு. மேடம், லைன்ல இருக்கீங்களா, மேடம்னு அந்தப் புள்ள கேக்கா. இருக்கேன் மவளேன்னேன். அவ எங்கூட அழுதா. போன்ல அழக் கூடாதுன்னு அவ ஆபீசுல ரூல் இருக்குமோ என்னமோ, மூக்க உறிஞ்சி உறிஞ்சிப் பேசுதா.

வச்சுட்டு நான்தான் வீட்டுக்காரருக்குப் போன் அடிச்சேன். சீட்டு குடுக்க மாட்டேன்னுட்டானுவளாம், அவன் அழுதுக்கிட்டே திரும்பிட்டான், நீங்க வீட்டுக்கு வாங்கன்னேன். பொறவு அண்ணனுக்கு அடிச்சேன். அவன் எடுத்துட்டுப் பேசல. சீட்டு இல்லன்னுட்டானுவளாமேண்ணே, கம்பெனிப் புள்ள சொல்லிச்சு, நீ என்ன செய்வன்னு நானே எடுத்துக் குடுத்தேன். ஆமாம்மா, இல்லன்னுட்டானுவன்னான்.

திட்டாதீயக்கா அவன. ரெண்டு பொட்டப் புள்ள வச்சுருக்கான். நாளெல்லாம் பாரந் தூக்குற ஒடம்பு. தெரியாத ஊரு ஏர்போர்ட்டுல ராத்திரி பூரா ஒத்தையில ஒக்காந்து இருந்துருக்கான். அங்கன இங்கன அலைய விட்டு, நாக்காலில தனியா ஒக்கார வச்சு, அவனுக்கு யோசிக்க நேரங் குடுத்துட்டானுவ. ஒழுங்கா அந்த பிளைட்டப் புடிச்சிருந்தாம்னா எறங்கி நேரா வந்து படுத்துருப்பான். கமிட்டில சொன்னது பொய்யில்லக்கா, அவன் கண்ண நான் பாத்தேன். அப்பம் அவனுவளத் திட்டாம நான் யாரத் திட்ட?

கேட்டுரலாமே, மனசு ஆறுமேங்கீயளா? கேட்டுட்டா பொறவு அவன் எனக்குப் போன் பண்ணவே மாட்டாம்க்கா. மூஞ்சியக் காட்ட மாட்டான், நல்லது கெட்டதுக்கு வர மாட்டான். எனக்கு இருக்கது ஒரு அண்ணன்.

இருங்க, எந் தலமாட்டுல போன் அடிக்கி, ஒங்க வலது கைக்கு எட்டுது பாருங்க, கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அவன்தான். நான் மிஷினுல கெடக்குற நேரந் தெரியும் அவனுக்கு.

சொல்லுண்ணே. ஆமா, இப்பந்தான் போட்டுருக்காவ. வலியெல்லாம் இல்ல. சாப்புட்டியா நீ? புள்ளைய பேசுனாளுவளா? நானா, இங்க பக்கத்துல ஒரு அக்கா புதுசா வந்துருக்காவ, பேசிக்கிட்டுக் கெடக்கேன். என்ன பேச்சு, எல்லாம் அந்த ஏரோப்ளேன்காரனுவளப் பத்தித்தான்.