அப்பாவின் முட்டியும் என் மௌனமும்

மேடையிலிருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, அப்பாவோடு டைல்ஸ் பதித்த அண்ணன்மார்களே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, அப்பாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் என் வணக்கம். இந்தத் தாளை அம்மாவுக்குக்கூடக் காட்டாமல் எழுதினேன். பயமாக இருக்கிறது. முழுவதும் வாசிக்க விடுங்கள்.

எங்கள் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர், உங்கள் மேஸ்திரி, என் அப்பா, பகலெல்லாம் முட்டி போட்டு வேலை செய்தவர். வீட்டுக்கு வந்தும் முட்டி போட்டவர்! ஜெபத்துக்கு மட்டுமா? எங்களில் யார் தப்பு செய்தாலும் மாலை ஏழு மணிக்கு ஹாலில் முட்டி போட வேண்டும். பக்கத்தில் அப்பாவும் போடுவார். "தண்டனை உனக்கு, துணைக்கு நான்" என்பார். அது முடிந்த பிறகுதான் சாப்பாடு, எல்லோருக்கும் ஒரே மேஜையில். அம்மா கேலி செய்வார்: "தப்பு பண்ணது பிள்ளையா, நீங்களா? தைலம் தேய்க்கிறது நான்தானே!"

மூன்று நாட்களாக வீட்டுக்கு வருகிற நீங்கள் எல்லாம், "உங்கப்பா வளர்த்த வளர்ப்பு!" என்று என் தலையைத் தடவுகிறீர்கள். அந்தத் தலையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

போன மாதம் ஞாயிறு பள்ளிக் கரும்பலகையில், "சபையில் சிரிப்பு, வீட்டில் சிறை" என்று எழுதியிருந்ததைப் பார்த்தீர்கள். சிலர் சிரித்தீர்கள். அப்பா தன் கைக்குட்டையால் அழித்தார். பலகை துடைப்பது தம்பியின் வேலை. வீட்டில் அவன்தான் வாலு. பழி அவன்மேல் விழுந்தது. அன்று மாலை ஏழு மணிக்கு ஹாலில் அவனும் அப்பாவும் முட்டி போட்டார்கள்.

"நான் எழுதலப்பா."

"சரிடா. உண்மை வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருப்போம்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பாவின் இடது முட்டி நடுங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த வேதாகமத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி அந்த முட்டியைப் பார்த்தான்.

"நான்தான்ப்பா. எழுந்திருங்க."

அவன் எழுதவில்லை. நான் எழுதினேன்! தோழியின் பிறந்தநாளுக்கு அப்பா அனுப்பவில்லை என்ற கோபத்தில், கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். அப்பா தம்பியை அணைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீயும் வாம்மா, பசியோட உக்காந்திருக்க" என்றார். போய்ச் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன்.

அடிக்குப் பயந்தேனா? அப்பா அடித்ததே இல்லை. என் பக்கத்தில் முட்டி போட்டபடி என் முகத்தைப் பார்ப்பாரே, அதற்குப் பயந்தேன். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பதினெட்டு நாள் தள்ளினேன். பத்தொன்பதாம் நாள், பாதி பதித்த தரையிலேயே அப்பா சாய்ந்துவிட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று பெரியவர்கள் உறுதி சொல்வீர்கள். நானும் சொல்கிறேன். இன்று ஏழு மணிக்கு எங்கள் ஹாலில் முட்டி போடுவேன். அம்மா, அது முடியும்வரை சாப்பாடு எடுத்து வைக்க வேண்டாம்.

தம்பி, எனக்குப் பக்கத்தில் அப்பா இடம் காலியாக இருக்கும். அங்கே வா என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. முடிந்த பிறகு, சாப்பிட மட்டும் என்னோடு உட்கார்.