மேல் வரம்பு

ஜூன் மாத டெல்லியில் ஃபேன் மட்டும் ஓடுகிற ஸ்டேஷன் அறையில் உட்கார வைத்துவிட்டோமே என்று சங்கடப்படாதீர்கள், சார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கூலர் இரைச்சலில் வளர்ந்தவன் நான். அங்கே பக்கத்து வீட்டில் இருந்த வைத்தி அண்ணா ஐ.சி.யூ.வில் எப்படி இறந்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லிவிட்டுப் போகிறேன்.

நோயாளிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றுகிற பம்ப் இருக்கிறதல்லவா, மருந்து தீரப்போனால் அதில் அலாரம் அடிக்க வைக்கும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. எழுதியவன் நான். அலாரம் சில சமயம் ஊமையாகிவிடுகிறது என்று கண்டுபிடித்தவள் எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் ஜ்யோத்ஸ்னா, வைத்தி அண்ணாவின் பெண். நான் தூக்கி வளர்த்த குழந்தை. மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னால், "அச்சா, இத எழுதினது நீங்களா பூவராகவன் அங்கிள்?" என்று சிரித்தாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அவளே சரிசெய்து, தன் பேரில் புதிய பதிப்பு கொண்டுவந்தாள். பைத்தான் மொழியின் எந்தெந்த வெர்ஷனில் ஓடும் என்று ஒவ்வொரு பதிப்பிலும் குறித்து அனுப்புவது வழக்கம். "வரப்போற பைத்தான்ல என்ன மாறுமோ, யார் கண்டா? இதுக்கு மேல உள்ள வெர்ஷன்ல ஏறாதுன்னு மேல் வரம்பு ஒண்ணு போட்டுடலாம்மா" என்றேன். என்ன பொறுப்பு என்று ஆபீஸே பாராட்டியது.

என் பழைய பதிப்பில் வரம்பே கிடையாது. புதிய பைத்தான் உள்ள கம்ப்யூட்டரில் மென்பொருளை இறக்கும்போது, வரம்பு போட்ட பதிப்பு ஆகாது என்று தள்ளப்படும். ஆனால் வேலை அங்கே நிற்காது. இறக்கும் நிரல் ஓசைப்படாமல் பின்னால் போய், தடை சொல்லாத பழையதை எடுத்துப் போட்டுவிடும். எங்கள் ஆபீஸில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். பழையதை நீக்கியிருக்கலாம்தான். பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிய பைத்தான் வந்தது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேணு போன் பண்ணி, "புது பைத்தானுக்கு மாத்திடலாமா சார்? உங்க சாஃப்ட்வேரையும் திரும்ப இறக்கணும்" என்றான். "ஜல்தி மாத்துப்பா" என்றேன். வைத்தி அண்ணா அங்கே படுத்திருப்பது எனக்குத் தெரியும். அலாரம் தவறினால் பேச்சு யாருக்கு என்பதும் தெரியும்.

அன்று சாயங்காலம் பார்க்கப் போனேன். ரத்த அழுத்தம் விழாமல் பிடித்துவைக்கும் மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. தீர்ந்தும் போனது. பம்ப் சத்தமே போடவில்லை. அண்ணா என் கையைப் பிடித்து, "என்னவோ பண்றதுடா" என்றார். "ஒண்ணுமில்லேண்ணா, கண்ண மூடிண்டு படுங்கோ" என்றேன். நர்ஸைக் கூப்பிடும் பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நான் அழுத்தவில்லை, சார். அழுத்தியிருந்தால், ஜ்யோத்ஸ்னா தானாகத் தன் தவறைப் புரிந்துகொள்ள ஒரு வாய்ப்பே இல்லாமல் போயிருக்கும்.