சீல் வைத்த மூடி

உங்கள் மேசையின் இடப்பக்கக் கால் கொஞ்சம் குட்டை. நீங்கள் எழுதும்போது ஆடுகிறது. ஓர் அட்டைத் துண்டை மடித்து அடியில் செருகினால் போதும், நானே செய்து தருகிறேன். வேண்டாமா, சரி. இப்படி எதையாவது பார்த்துவிட்டால் என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. அதனாலேயே என் மனைவி என்னைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அழைத்துப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

என் தொழில் லிஃப்ட் சோதனை. கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து உள்ள எந்த லிஃப்டும் இதுவரை விழுந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைப் படகு கிளப்பில் பரிசோதகர். அதற்குச் சம்பளம் கிடையாது. அங்கே யாருமே சம்பளத்துக்கு வருவதில்லை. பல் டாக்டர், பேக்கரிக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் என்று வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள், ஒருநாள் வந்து சின்ன மரப்படகில் மண்டி போட்டு உட்கார்ந்து பந்தயம் ஓட்டுவார்கள். நான் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது.

எங்கள் பிரிவில் எல்லாப் படகுகளுக்கும் ஒரே மாடல் எஞ்சின்தான், பின்பலகையில் தொங்கும் எஞ்சின். காசுள்ளவன் பெரிதாக வாங்கி மாட்டி ஜெயிக்க முடியாது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. உதிரி பாகம் கிடைக்காமல் படகுகள் ஒவ்வொன்றாகக் கொட்டகையில் படுத்தன. சரி, புதிய மாடலைச் சேர்த்துக்கொள்வோம் என்று பேச்சு வந்தது. அதில் புகை இல்லை, சத்தம் குறைவு, ஆனால் பழையதைவிட நல்ல கனம்.

கூட்டத்தில் நான் எழுந்து என் கருத்தைச் சொன்னேன். "இவ்வளவு கனத்தப் பின்னால தொங்கவிட்டா மூக்கு தூக்கும். எதிர்காத்துல என்னிக்காவது படகு அப்படியே பின்பக்கமாப் பொரளும். ஓட்டுறவன் அடியில மாட்டுவான்."

செயலாளர் பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிச் சொல்லியே பழகிய மனிதர். "சும்மா இருங்க. கரிநாக்க வெச்சுக்கிட்டு எதையாவது சொல்லி வைக்காதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து என் பெயர் கரிநாக்கு என்று ஆனது. நான் படகுத்துறையில் இறங்கினால், "கரிநாக்கு வர்றாரு, எஞ்சின மூடி வைங்கடா" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரிந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

கூட்டத்தில் எனக்காகப் பேசியவன் என் மச்சினன் ஒருவன்தான். மனைவியின் தம்பி. கண்ணாடிக்கடை வைத்திருக்கிறான். ஒல்லியான பையன், எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தான். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அவன்தான் பிள்ளை என்று என் மனைவி சொல்வாள், நானும் மறுத்ததில்லை. புதிய எஞ்சின் வேண்டும் என்று முதலில் கேட்டவனும் அவன்தான். "மாமா சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்று அன்று அவன் எழுந்தான். "அதுக்கென்ன, முன்பெட்டியில ஈயக்கட்டி வெச்சா மூக்கு அமுங்கிடும். மாமாவே எடை பாத்து வெக்கட்டும்."

அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் யோசித்துச் சொன்ன ஆபத்தை, எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டே, ஒரு வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டான். செயலாளர் மேசையைத் தட்டி, பாருங்க, இது மூளை என்றார். அந்தப் பந்தயப் பருவம் முழுக்க மச்சினன் அந்த எஞ்சினோடு சோதனை ஓட்டம் ஓட்டுவது, ஈயத்தை நான் வைத்து சீல் இடுவது, ஒன்றும் ஆகாவிட்டால் பருவ முடிவில் ஓட்டெடுப்பு என்று முடிவானது.

சீல் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படகில் ஈயம் வைக்க முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. பழைய எஞ்சின் இலேசானது என்பதால் அந்தக் காலத்தில் ஈயம் பின்பெட்டிக்குத்தான் போகும். நான் கட்டிகளை அடுக்கி, இரண்டு மூடிகளையும் திருகி, கம்பி கோத்து, சீல் அழுத்துவேன். பிறகு படகைத் தராசில் ஏற்றுவோம். என் சீல் விழுந்த மூடியை ஓட்டுபவன் தொட்டால் அந்தப் பருவத்துக்கே அவன் வெளியே. யாரும் தொட்டதில்லை.

சோதனை ஓட்டங்கள் நடந்தன. நான் ஈயத்தை முன்பெட்டியில் ஒழுங்காக வைத்தேன். படகு தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. மழையிலும் வெயிலிலும் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. ஏனென்றால் என்றாவது ஒருநாள் யாராவது ஈயம் வைக்க மறப்பார்கள். அப்போது என்ன நடக்கும் என்பதை யாரும் கண்ணால் பார்க்கவில்லையே. லிஃப்டில் நாங்கள் அளவுக்கு மேல் சுமை ஏற்றித்தான் பிரேக்கைச் சோதிப்போம். பட்டால்தான் புத்தி வரும் என்றால், ஒருமுறை பட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது. பின்னால் வரப்போகும் எத்தனையோ பேரை நினைத்தேன்.

ஏன் மச்சினன் என்று கேட்பீர்கள். ஓட்டுபவன் அவன். அதோடு, அடுத்த வீட்டுப் பிள்ளையை வைத்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கடைசிச் சோதனை ஓட்டத்தன்று நல்ல காற்று. படகுத்துறைக் கொடி விறைத்து நின்றது. கொட்டகையில் நான் மட்டும் இருந்து வேலையை முடித்தேன். தராசில் ஏற்றினோம், எடை கணக்காக இருந்தது. தராசுக்கு மூக்கு எது, வால் எது என்று தெரியாது. செயலாளர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தண்ணீரில் இறக்கியதும் மச்சினன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, மூக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"கனமான எஞ்சின்டா. அதத்தானே நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன்."

"போன வாரம் இப்படி இல்லையே. மூடியத் தொறந்து ஒரு தடவ பாத்துடலாமா?"

"சீல் வெச்சாச்சு."

அவன் சிரித்தான். "ஆமா, நீங்க பாத்தாச்சு. அப்புறம் நான் பாக்க என்ன இருக்கு" என்று சொல்லி ஏறி மண்டி போட்டான். அந்த நேரம் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால், ஈயத்தைத் தப்பாக வைத்தவன் என்ற பெயர் எனக்கு வந்திருக்கும். நான் கரையில் நின்றேன்.

ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. மீட்புப் படகு எப்போதும் புறப்படும் இடத்தில்தான் நிற்கும். அன்று அதைத் தூரத்துத் திருப்பத்துக்குப் போகச் சொன்னது நான். அந்தத் திருப்பத்தைத் தாண்டியதும்தான் எதிர்காற்று. அவன் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான். இதை விசாரணையில் ஒருவரும் எனக்குச் சாதகமாக எழுதவில்லை.

படகு திருப்பத்திலிருந்து நேராக வந்தது, மூக்கைத் தூக்கியது, முழுதாக எழுந்து நின்றது, பின்பக்கமாக விழுந்தது. நான் சொன்னபடியேதான், ஓர் அணுவும் மாறவில்லை. மச்சினனைத் தூக்கும்போது கண் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர்கள் பிற்பாடு சொன்னார்கள். நான் அழுதேன். பொய் அழுகை இல்லை.

ஓட்டெடுப்பில் புதிய எஞ்சின் தோற்றது. செயலாளர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க. நாங்கதான் காதுல வாங்கல" என்றார். அதன் பிறகு யாரும் என்னைக் கரிநாக்கு என்று கூப்பிடவில்லை. அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு பந்தயச் சங்க மேலிடத்திலிருந்து விசாரிக்க ஒரு குழு வந்தது. உடைந்த படகைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டு மூடிகளைத் திறந்தார்கள். ஈயம் முழுவதும் பின்பெட்டியில். முடிவு எழுதிவிட்டார்கள்: எஞ்சினில் குறை இல்லை, பரிசோதகர் பழைய பழக்கத்தில் ஈயத்தைப் பின்பெட்டியில் வைத்திருக்கிறார், கவனக்குறைவு. மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது, புதிய எஞ்சின் ஜெயித்தது. இப்போது எல்லாப் படகிலும் அதுதான். ஒரு மூக்கும் தூக்குவதில்லை. லிஃப்ட் ஆபீஸில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். என்னைவிட இளையவர். கயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போடுகிறார்.

மச்சினன் எங்கள் முன்னறையில் ஜன்னலோரம் படுத்திருக்கிறான். நானும் என் மனைவியும் சேர்ந்துதான் அவனைத் திருப்பிப் படுக்கவைப்போம். அறிக்கை வந்த அன்று அவள் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மனுஷன்னா ஒருநாள் கை தவறும். நீங்க என்ன, வேணும்னா செஞ்சீங்க? அதயே நெனச்சு உருகாதீங்க" என்றாள். படுக்கையிலிருந்து அவன், "விடுங்க மாமா. தூக்கலா இருக்குன்னு தெரிஞ்சும் ஏறினேன் இல்ல, பாதித் தப்பு என்னோடதுதான்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் என்னை மன்னிக்கிறார்கள். சோறு போடும்போதும், விளக்கை அணைக்கும்போதும், நான் செய்யாத ஒரு தவறுக்காக. அவன் அதில் பங்கும் கேட்கிறான். எவ்வளவு நாள்தான் பொறுப்பது.

அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். ஈயத்தை நான் மறதியிலோ கை தவறியோ இடம் மாற்றி வைக்கவில்லை. படகு புரளும் என்று தெரிந்தே, ஒவ்வொரு கட்டியாக எடுத்து, ஆடாமல் இருக்கத் துணி செருகிப் பின்பெட்டியில் அடுக்கி, மூடியைத் திருகி, சீல் வைத்தேன். அப்படியே எழுதுங்கள். தண்டனை எதுவானாலும் சரி, அறிக்கையில் இருக்கும் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். என் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளால் தனியாக அவனைத் திருப்பிப் போட முடியாது. இங்கே வரும் வழியிலேயே ஒரு நர்ஸிடம் பேசிவிட்டு வந்தேன், நாளைக் காலையிலிருந்து அவர் வருவார். இப்போது நீங்களே சொல்லுங்கள், நான் கவனக்குறைவான ஆளா?